வெட்டப்பட்ட மரமும் விட்டுவிடக்கூடாத எல்லையும்

(குடும்பங்களும் கிராமக் குழுக்களும் சேர்ந்து வாசித்துக் கலந்துரையாடுவதற்கான பாடம்)



ஹோட்டன் சமவெளியின் அடிவாரத்தில் உள்ள டயகமவிலும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும், வன்னியில் உறவினர் உள்ள வீடுகள் உண்டு. 1973, 1974ஆம் ஆண்டுகளின் பஞ்சத்திலும், 1977, 1981, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்களிலும் மலையகத்தை விட்டுப் பல குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் சென்றன. காடு வெட்டி, கிணறு தோண்டி, தோட்டம் செய்தன. பின்னர் யுத்தம் அங்கிருந்தும் அவர்களை விரட்டியது. 2009இல் யுத்தம் முடிந்து, 2012 செப்டெம்பரில் மெனிக் பாம் முகாம் மூடப்பட்ட பிறகும், எல்லாக் குடும்பமும் ஒரே நாளில் தன் காணிக்குத் திரும்பிவிடவில்லை. சிலர் மலையகத்துக்கு வந்து சேர்ந்தார்கள். சிலர் ஊருக்கும் காணிக்குமாக அலைகிறார்கள்.

இப்படி ஒரு நிலைமையை எண்ணிப் பாருங்கள். நீண்ட காலத்தின் பின் ஒரு குடும்பம் தன் காணியைப் பார்க்கப் போகிறது. வேலியோரம் நின்ற பலா மரம் இல்லை. நான்கு பனைகள் இல்லை. அடிக்கட்டைகள் மட்டும் இருக்கின்றன. அயல்வீட்டுக்காரர் சொல்கிறார்: "காணி காடா கிடந்துச்சு தம்பி. யானை வந்து நிக்குதுன்னுதான் வெட்டுனேன்." தகப்பனுக்கு இரத்தம் கொதிக்கிறது. அயலவரின் வாழைத் தோட்டத்தை வெட்டிச் சாய்க்கக் கத்தியைத் தேடுகிறார். தாயோ, "வேணாம், போன மரம் வரவா போகுது? பேசாம இருப்போம்" என்கிறார்.

இந்த இரண்டு வழிகளும் நமக்கு உதவாது. ஏன் என்று பார்ப்போம்.

மரத்தை விடப் பெரியது எது?

மரம் பெறுமதியானதுதான். ஒரு பனை பயன் தரப் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகள் செல்லும். தாத்தா நட்டதைப் பேரன் அனுபவிக்கும் சொத்து அது. ஆனால் நம் காணியில் நின்ற மரத்தை அயலவர் வெட்டும்போது இன்னொன்றும் நடக்கிறது. எல்லையின் அடையாளம் அழிகிறது. "இந்தக் காணியைக் கேட்க ஆள் இல்லை" என்ற எண்ணம் ஊரில் உருவாகிறது. இன்று மரம், நாளை வேலி, மறுநாள் காணி என்று அது வளரக்கூடும்.

1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தை நம் மக்கள் ஆட்சியுரிமைச் சட்டம் என்பார்கள். தனியாருக்குரிய காணியை இன்னொருவர் உரிமையாளரின் அனுமதி இன்றி, தனக்கே உரியது போல, இடையூறும் இடைவெளியும் இல்லாமல் பத்து ஆண்டுகள் ஆண்டுவந்தால், அவர் நீதிமன்றத்தில் அதற்கு உரிமை கோரலாம். இடம்பெயர்ந்தவர்களுக்கு இதனால் அநீதி நேர்ந்தது என்பதை உணர்ந்து 2016ஆம் ஆண்டில் ஒரு விசேட சட்டம் நிறைவேற்றப்பட்டது. 1983 மே மாதம் முதல் 2009 மே மாதம் வரை பயங்கரவாத நடவடிக்கைகள் காரணமாகக் காணிக்குப் போக முடியாதிருந்தவர்களுக்கு எதிராக அந்தக் காலத்தைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்பதே அதன் நோக்கம். ஆனால் 2009க்குப் பின்னர் கழிந்த ஆண்டுகளுக்கு அந்தப் பாதுகாப்புக் கிடையாது. ஆகவே பேசாமல் இருப்பது பொறுமை போலத் தோன்றினாலும், நம் உரிமையை அது மெல்ல மெல்லக் கரைக்கிறது.

மரம் போனது போனதாக இருக்கலாம்; எல்லை போகக்கூடாது. இந்தப் பாடத்தில் நாம் மனதில் வைக்க வேண்டியது இதுவே.

முதலில் நம் பக்கத்தைப் பார்ப்போம்

அயலவரிடம் கேட்கப் போகுமுன், "இந்த மரம் யாருடையது?" என்று நம்மையே கேட்க வேண்டும். காணி மூன்று வகைப்படும்.

1. உறுதிக் காணி. உங்கள் பெயரிலோ பெற்றோர் பெயரிலோ உறுதி இருக்கிறது. காணியும் அதில் நிற்கும் மரங்களும் உங்களுக்குரியவை. மேலே சொன்ன பத்து ஆண்டுக் கணக்கு இந்தக் காணிக்குத்தான் ஆபத்தானது.

2. அனுமதிப்பத்திரக் காணி. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பிரதேச செயலகம் தந்தது. காணி அரசுக்குரியது, அதை ஆண்டு அனுபவிக்கும் உரிமை உங்களுடையது. அரச காணிக்கு எதிராக ஆட்சியுரிமை கோர முடியாது. அயலவர் எத்தனை ஆண்டுகள் இருந்தாலும் அந்த வழியால் அது அவருடையதாகாது. ஆனால் நீங்கள் காணியைப் பராமரிக்காமல், நிபந்தனைகளை மீறி விட்டுவிட்டால், அனுமதிப்பத்திரத்தை ரத்துச் செய்ய இடமுண்டு. வன்னியில் குடியேறிய மலையகக் குடும்பங்கள் பலவற்றுக்கு நீண்ட காலம் இந்தப் பத்திரமும் கிடைக்கவில்லை. அப்படிப்பட்டவர்கள் மரத்துக்கு முன் பத்திரத்துக்கே போராட வேண்டும்.

3. தோட்டக் காணி. லயத்துக்கு அருகில் நாம் மரக்கறி போடும் துண்டு நிலம் இந்த வகை. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளிடம் கொடுக்கப்பட்டது. நிலம் அரசிடமே இருக்கிறது. அங்கே நிற்கும் சவுக்கையும் டர்பன்டைனையும் நாமே நட்டோம் என்றாலும், நம்முடையவை என்று சொல்லிப் பணம் கேட்க முடியாது. பக்கத்து லயத்துக்காரர் வெட்டினால், தோட்ட அலுவலகத்துக்கு உடனே எழுத்தில் தெரிவியுங்கள். இல்லாவிட்டால் வெட்டிய பழி நம்மேல் விழலாம். பயிர் நாசமானால் அந்த நட்டத்தை அயலவரிடம் கேட்பது வேறு விடயம்.

முதல் நாள் செய்ய வேண்டியவை

அடிக்கட்டையைப் பிடுங்க வேண்டாம், எரிக்கவும் வேண்டாம். அதுவே நம் முதல் சாட்சி. ஒவ்வொரு கட்டையையும் எண்ணுங்கள். ஒரு கயிற்றால் சுற்றளவை அளந்து கொப்பியில் எழுதுங்கள். எல்லைக் கல்லிலிருந்தோ கிணற்றிலிருந்தோ எத்தனை அடி தூரம் என்று குறியுங்கள். கைத்தொலைபேசியில் படம் எடுங்கள். எல்லையும் கட்டையும் ஒரே படத்தில் தெரிய வேண்டும். மரம் நின்றதை அறிந்த இரண்டு பேரை அழைத்துக் காட்டுங்கள்.

வெட்டிய துண்டுகள் இன்னும் கிடந்தால் கிராம உத்தியோகத்தரிடம் அன்றே சொல்லுங்கள். பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றைச் சொந்தக் காணியில்கூட அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது. 1951ஆம் ஆண்டிலிருந்தே அதற்குச் சட்டம் இருக்கிறது. பல வகை மரங்களை ஏற்றிச் செல்வதற்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும். ஆகவே மரம் ஊரை விட்டுப் போகாமல் தடுக்க வழியுண்டு. அதே சட்டம் நமக்கும் பொருந்தும் என்பதை மறக்க வேண்டாம். கோபத்தில் அயலவரின் மரத்தில் கை வைத்தால், நாளை குற்றவாளிக் கூண்டில் நாம் நிற்போம்.

முறைப்பாட்டுக்கு முன் பேச்சு

போர்க்காலத்தில் பதுங்குகுழிக்கும் காவலரணுக்கும் எத்தனையோ பனைகள் வெட்டப்பட்டன. எல்லாவற்றையும் அயலவர் தலையில் போட முடியாது. உங்கள் மரத்தை அயலவர்தான் வெட்டினாரா என்று முதலில் அறிய வேண்டும். கட்டையின் பழமையைப் பார்த்தாலே ஓரளவு தெரியும்.

பேசப் போகும்போது தனியாகப் போகாதீர்கள், கூட்டமாகவும் போகாதீர்கள். இருவரும் மதிக்கும் ஒரு பெரியவரை அழைத்துச் செல்லுங்கள். குடித்துவிட்டுப் போகவே கூடாது. இப்படித் தொடங்கலாம்:

"அண்ணே, நம்ம எல்லையில நின்ன பலாவும் நாலு பனையும் இல்ல. நீங்க வெட்டுனதா சொல்றீங்க. என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க, கேக்குறோம்."

கேட்ட பிறகு உண்மையாகவே கேட்க வேண்டும். நாம் இல்லாத காலத்தில் அவர் நம் வேலியைக் கட்டியிருக்கலாம். கிணற்றைத் தூர்ந்துபோகாமல் காத்திருக்கலாம். வேறு ஆட்கள் காணிக்குள் வராமல் பார்த்திருக்கலாம். அவரும் இடம்பெயர்ந்து திரும்பிக் கூரைக்கு மரம் இல்லாமல் நின்றிருக்கலாம். அவர் செய்த நன்மையையும் கணக்கில் சேர்த்துத்தான் நட்டத்தைப் பேச வேண்டும். ஆனாலும் நன்றிக்காக எல்லையைக் கொடுத்துவிடத் தேவையில்லை.

இணக்கம் ஏற்பட்டால் அதை எழுதுங்கள். எல்லை எங்கே என்பது முதல் வரியாக இருக்கட்டும். எவ்வளவு பணம், எந்தத் திகதியில், அல்லது எத்தனை கன்று யார் நடுவது என்பது அடுத்தது. அவர் காணியைத் தொடர்ந்து பார்த்துக்கொள்வதானால், "உரிமையாளரின் அனுமதியுடன் பராமரிக்கிறேன்" என்று அவர் கையால் எழுதிக் கையொப்பமிடட்டும். அனுமதியுடன் இருப்பவர் பிறகு ஆட்சியுரிமை கோருவது மிகக் கடினம். பத்து ஆண்டு ஆபத்துக்கு இந்த ஒரு துண்டுக் கடிதம் பெரிய மருந்து.

மத்தியஸ்த சபை

பேச்சில் தீராவிட்டால் மத்தியஸ்த சபைக்குப் போகலாம். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் இச்சபைகள் உருவாக்கப்பட்டன. பெரும்பாலும் வார இறுதி நாட்களில் பாடசாலை போன்ற பொது இடங்களில் கூடும். சட்டத்தரணி அங்கே உங்களுக்காகப் பேச மாட்டார், நீங்களே பேசலாம். ஒவ்வொரு தரப்பும் ஒரு மத்தியஸ்தரைத் தெரிவுசெய்ய, அவர்கள் மூன்றாமவரைத் தெரிவுசெய்வார்கள்.

மத்தியஸ்தர் தீர்ப்பு வழங்கும் நீதவான் அல்ல. இரு தரப்பையும் இணக்கத்துக்குக் கொண்டுவருவதே அவர் வேலை. இணங்கினால் இணக்கச் சான்றிதழ் கிடைக்கும். இணங்காவிட்டால் இணங்காமைச் சான்றிதழ் தருவார்கள். சில வகை வழக்குகளுக்கு அந்தச் சான்றிதழ் இல்லாமல் நீதிமன்றம் போக முடியாது. வடக்கிலும் கிழக்கிலும் சில மாவட்டங்களில் காணிப் பிணக்குகளுக்கென்றே விசேட காணி மத்தியஸ்த சபைகள் அமைக்கப்பட்டன. உங்கள் காணி இருக்கும் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

பொலிஸ், நீதிமன்றம், கால எல்லை

இன்னொருவர் காணியில் நேர்மையற்ற எண்ணத்துடன் மரத்தை வெட்டி எடுப்பது தண்டனைச் சட்டக்கோவையின்படி களவாகும். மரம் நிலத்திலிருந்து பிரிந்த உடனே அந்தக் குற்றம் நிகழ்ந்துவிடுகிறது. ஆகவே பொலிஸில் முறைப்பாடு செய்ய நமக்கு உரிமை உண்டு. தமிழில் எழுதும்படி கேளுங்கள். புரியாத மொழியில் எழுதியதை வாசித்து விளக்காமல் கையொப்பம் இடாதீர்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள்.

மூன்று கால எல்லைகளைக் கொப்பியில் எழுதி வையுங்கள்.

இரண்டு மாதம்: மரத்தோடு நிற்காமல் காணியிலிருந்தே உங்களை வெளியேற்றி, அமைதி குலையும் நிலை வந்தால், 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் ஆரம்ப நீதிமன்றம் உங்களை மீண்டும் காணியில் இருத்தலாம். ஆனால் வெளியேற்றப்பட்டு இரண்டு மாதத்துக்குள் விடயம் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும்.

இரண்டு ஆண்டு: வெட்டிய மரத்துக்கு நட்டஈடு கேட்டு வழக்கிடுவதற்கான காலம்.

பத்து ஆண்டு: உறுதிக் காணியில் மற்றவர் ஆட்சியுரிமை கோருவதற்கான காலம்.

சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதி இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். வறியவர்களுக்காகவே 1978இல் அது சட்டத்தால் அமைக்கப்பட்டது.

தூரத்தில் இருப்பவர்களுக்கு

டயகமவில் இருந்துகொண்டு கிளிநொச்சிக் காணியை எப்படிக் காப்பது? ஆண்டுக்கு ஒரு முறையாவது போய் வாருங்கள். போன பஸ் டிக்கெட்டைக்கூட வைத்திருங்கள். கிராம உத்தியோகத்தரைக் கண்டு, உங்கள் பெயரும் முகவரியும் தொலைபேசி இலக்கமும் அவரிடம் இருப்பதை உறுதிப்படுத்துங்கள். எல்லைக் கற்களைத் துப்பரவு செய்து சுண்ணாம்பு பூசுங்கள். முடிந்தால் உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கொண்டு வரைபடம் எடுங்கள். பத்திரங்களின் பிரதியை ஒரே வீட்டில் வைக்காமல் இன்னோர் உறவினர் வீட்டிலும் வையுங்கள். பல முறை ஓடியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

எல்லையோரம் மீண்டும் மரம் நடுங்கள். முடியுமானால் அயலவரையும் அழைத்து, அவர் கையாலும் ஒரு கன்றை நடச் செய்யுங்கள். தன் கையால் எல்லையில் நட்ட மரத்தை ஒருவர் இலகுவில் வெட்ட மாட்டார். அந்த எல்லையை அவர் ஏற்றுக்கொண்டார் என்பதற்கு ஊரே சாட்சியாகவும் இருக்கும்.

வழக்கு முடிந்த பிறகும் அதே வேலியோரம், அதே அயலவரோடுதான் நாம் வாழப் போகிறோம். நம் பிள்ளைகள் அவர் பிள்ளைகளோடுதான் பாடசாலைக்கு நடப்பார்கள். ஆகவே குரலை உயர்த்தாமல் கேட்போம். கேட்டதை எழுதி வைப்போம். எழுதியதைக் காலம் கடக்குமுன் உரிய இடத்தில் கொடுப்போம்.

கலந்துரையாடலுக்கு

1. உங்கள் காணி மேலே சொன்ன மூன்று வகைகளில் எது? அதற்கான பத்திரம் இப்போது எங்கே இருக்கிறது?

2. உங்கள் காணியை இன்று யார் பார்த்துக்கொள்கிறார்? அவரிடமிருந்து எழுத்தில் ஏதும் பெற்றிருக்கிறீர்களா?

3. கதையில் வந்த தகப்பனுக்கும் தாய்க்கும் நீங்கள் என்ன ஆலோசனை சொல்வீர்கள்? இருவர் அயலவராகவும் இருவர் பெற்றோராகவும் நடித்துப் பேசிப் பாருங்கள்.

4. நீங்களே எப்போதாவது போன ஆட்களின் காணியில் மரம் வெட்டியதுண்டா? அவர்கள் திரும்பி வந்தால் என்ன சொல்வீர்கள்?