மிதக்கும் தூள்: நீர்மமா, திண்மமா?

நீர்மத்திற்குத் தனி உருவம் இல்லை என்பதை நாம் யாவரும் படித்திருக்கிறோம். ஆகவே நீரின்மேல் தூவிய தூளும் நீரைப்போலவே ஓடும் என்று என் செய்முறைக் குறிப்பேட்டில் எழுதினேன். “பார்த்தபின் எழுதுக” என்று குறித்து ஆசிரியர் அதைத் திருப்பித் தந்தார். பார்த்தேன், நான் எழுதியது தவறு.

ஒளியியல் சோதனைக்காக ஆய்வுக்கூடத்தில் வைத்திருக்கும் லைகோபோடியம் தூளையே எடுத்துக்கொண்டேன். இதன் துகள் ஏறக்குறைய 0.03 மி.மீ. விட்டமுடையது, நீரில் நனையாதது. அகன்ற தட்டில் விளிம்புவரை நீர் நிரப்பி, தூளைச் சீராகத் தூவி, இரு கண்ணாடிப் பட்டைகளால் இருபுறமும் மெல்ல நெருக்கினேன். முதலில் தூள் எளிதாக நகர்ந்தது. துகள்கள் ஒன்றையொன்று தொட்டு நெருங்கியதும், பட்டைகளுக்கு இணையாகச் சுருக்கங்கள் வரிவரியாக எழுந்தன. பட்டைகளைத் தளர்த்தியதும் அவை மறைந்தன. இவ்வாறு மடிந்து மீள்வது திண்மத் தகட்டின் பண்பன்றோ?

துகள்களிடையே பசை ஏதுமில்லை. அவற்றைப் பிணைப்பது நீரின் பரப்பு இழுவிசையே. துகள்கள் விறைப்பானவை, நெருக்கும்போது மாறுவது அவற்றின் இடையிலுள்ள நீர்ப்பரப்புத்தான். எனவே அடுக்கின் யங் குணகத்தின் அளவுநிலையை அறிய, பரப்பு இழுவிசையைத் துகளின் விட்டத்தால் வகுத்தால் போதும். நீருக்கு 0.072 நியூட்டன்/மீட்டர், அதை 0.00003 மீட்டரால் வகுக்க, 2,400 நியூட்டன்/சதுர மீட்டர் கிடைக்கிறது. எஃகுக்கு இது 20,000 கோடி! நம் தகடு மிக மெலியது, ஆயினும் தகடுதான்.

சுருக்கங்களின் இடைவெளிக்கும் விதியுண்டு. அடுக்கின் விறைப்பு நெருக்கமான மடிப்புகளைத் தடுக்கிறது. நீரின் எடை அகன்ற மடிப்புகளைத் தடுக்கிறது. இரண்டும் ஒத்துப்போகும் இடைவெளி, துகள் விட்டத்தின் வர்க்கமூலத்திற்கு நேர்விகிதத்தில் அமைகிறது. துகள் 4 மடங்கு பருத்தால் இடைவெளி 2 மடங்காகும். 2004-இல் வெல்லா, ஓசியூ, மகாதேவன் ஆகியோர் இவற்றை ஆராய்ந்து வெளியிட்டனர்.

நீர்ப்பரப்பைப் பட்டையால் நெருக்கி அளக்கும் முறையை, ஜெர்மனியில் ஆக்னஸ் பாக்கல்ஸ் என்னும் பெண்மணி தம் வீட்டிலேயே கண்டார். கல்லூரியில் பயிலாத அவர் எழுதிய கடிதத்தை, ராலே பிரபு 1891-இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவரச் செய்தார்.

நண்பர்களே, வீட்டில் மிளகுத்தூளை நெருக்கமாகத் தூவி, நடுவே ஒரு துளி சோப்பு நீர் இட்டுப் பாருங்கள். முடிவைப் பார்த்தபின் எழுதுங்கள். குறிப்பேடு திரும்பி வராது.