கண்ணுக்கடியில் தடவும் அந்த ட்யூப்

முகூர்த்த மாதங்கள் வந்தால் போதும், இந்தப் பேச்சும் கூடவே வந்துவிடுகிறது. "மெடிக்கல்ல ஒரு ட்யூப் இருக்கு டாக்டர். ராத்திரி கண்ணுக்கடியில தடவிட்டுப் படுத்தா ஒரே வாரத்துல கருவளையம் போயிடும். எங்க சித்தி பொண்ணுக்குப் போயிடுச்சு." சித்தி பெண்ணுக்குப் போயிருக்கிறது, மாடி வீட்டு அக்காவுக்குப் போயிருக்கிறது, ஆபீஸில் பக்கத்து சீட் பெண்ணுக்கும் போயிருக்கிறது. அவர்களெல்லாம் ஆறு மாதம் கழித்து எப்படிப்பட்ட முகத்தோடு தோல் மருத்துவரிடம் வந்து உட்காருகிறார்கள் என்பதை மட்டும் யாரும் யாருக்கும் சொல்வதில்லை. ஆகவே நான் சொல்கிறேன்.

சீட்டு கேட்காமல் கவுண்டரில் எடுத்துக் கொடுக்கப்படும் இந்த ட்யூப்கள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், இவற்றோடு மொமெட்டசோன் போன்ற ஒரு ஸ்டீராய்டும் கலந்தது. 1975-ல் கிளிக்மன், வில்லிஸ் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்ட கலவையின் வழிவந்தது இது. மங்குக்காக, மருத்துவர் பார்த்துச் சொல்லி, சில வாரங்கள் மட்டும் பூச வேண்டியது. இன்னொன்று, பெட்டாமெத்தசோனோ குளோபெட்டசாலோ இருக்கும் ட்யூப். சொரியாசிஸுக்கும் முற்றிய கரப்பானுக்கும் நாங்கள் எழுதித் தரும் வீரியமான ஸ்டீராய்டு அது. அதைக் கொண்டுபோய் உடம்பிலேயே மெல்லிய தோல் இருக்கும் இடத்தில், மாதக்கணக்கில் தடவுகிறார்கள்.

"ஆனா டாக்டர், நிஜமாவே வெளுக்குதே?" என்று கேட்பார்கள். ஆமாம், வெளுக்கிறது. ஏன் வெளுக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் இந்த ட்யூபைக் கையால் தொடமாட்டீர்கள். ஸ்டீராய்டு பட்டவுடன் தோலின் சிறு ரத்தக் குழாய்கள் சுருங்கிக்கொள்ளும். அந்த இடம் ரத்த ஓட்டம் குறைந்து வெளிறும். 1962-ல் மெக்கென்சி, ஸ்டாட்டன் இருவரும் இந்த வெளிறலையே அளவுகோலாக்கினார்கள். எந்த ஸ்டீராய்டு தோலை அதிகம் வெளிற வைக்கிறதோ அதற்கு வீரியம் அதிகம் என்று கணக்கிடும் முறை அங்கிருந்து வந்ததுதான். முதல் வாரம் கண்ணாடியில் நீங்கள் பார்த்து மகிழும் 'பலன்' அந்தப் பரிசோதனையில் பார்க்கும் அதே வெளிறல். கருமை எங்கும் போகவில்லை. குழாய்கள் சுருங்கியிருக்கின்றன, அவ்வளவுதான்.

சில வாரத்தில் குழாய்கள் மருந்துக்குப் பழகிவிடும். தடவுவதை நிறுத்தினால் முன்னைவிட அதிகமாக விரியும். தோல் சிவக்கும், எரியும், அரிக்கும். எரிகிறதே என்று மறுபடி அதே ட்யூபைத் தடவுவார்கள், உடனே அடங்கும். "இதை விட்டா முகம் தாங்கலை டாக்டர்" என்று வந்து நிற்பது அப்போதுதான். இது மருந்துக்கு அடிமையான தோல்.

அந்தத் தோலை விளக்கின் கீழ் கிட்டத்தில் பார்த்திருக்கிறேன். வெங்காயச் சருகு போல மினுமினுக்கும். விரலால் லேசாகத் தள்ளினால் நுண்ணிய சுருக்கங்களாக மடியும். இமைக்குக் கீழே சிவப்பு நூல் நூலாக ரத்தக் குழாய்கள் ஓடும். கன்னத்து மேட்டில் பூனை முடி அடர்ந்திருக்கும், வாயைச் சுற்றிப் பொரிப்பொரியாக இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, கண்ணுக்கடியில் ஓடும் பச்சை நரம்பு முன்னைவிடத் தெளிவாகத் தெரியும். இமைத் தோலின் தடிமன் சுமார் அரை மில்லிமீட்டர்தான். அடியில் கொழுப்புப் படலமும் கிடையாது. தோலைத் தாண்டினால் நேராகத் தசை. ஸ்டீராய்டு புதிய கொலாஜன் உருவாவதைத் தடுக்கிறது. இருக்கிற அரை மில்லிமீட்டரையும் கரைத்தால் அடியில் ஓடுவது தெரியாமல் என்ன செய்யும்?

கண்ணுக்கே வரும் கேடு தனி. ஃபெல்ட்மன், மைபாக் என்பவர்கள் 1967-ல் அளந்து காட்டியபடி, முன்கையில் உறிஞ்சப்படும் ஸ்டீராய்டு ஒரு பங்கு என்றால் நெற்றியில் 6 பங்கு, தாடையோரம் 13 பங்கு. இமை அதையெல்லாம்விட மெல்லியது. அங்கே மாதக்கணக்கில் தடவியது கண்ணுக்குள் போய்ச் சேர்ந்து, சிலருக்குக் கண்ணின் அழுத்தத்தை ஏற்றும். கண்புரையும் வரலாம். கண் அழுத்தம் ஏறுவது பெரும்பாலும் வலிக்காது, சிவக்காது. பார்வையின் ஓரங்கள் மெல்லத் தேய்வதை அவர்களே கவனிக்க மாட்டார்கள். கருவளையத்துக்கு விலையாக யாராவது பார்வையைக் கொடுப்பார்களா?

ஏற்கெனவே தடவிக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பயந்து இன்றிரவே நிறுத்திவிட வேண்டாம். மாதக்கணக்கில் பழகிய தோல் திடீரென நிறுத்தினால் பொங்கும். ட்யூபையும் எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள். படிப்படியாக இறக்கித் தருவார். கண் மருத்துவரிடம் ஒருமுறை அழுத்தம் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு மக்கள் மீது வருத்தம். கோபமெல்லாம் விற்பவர்கள் மீதுதான். 2011-ல் இந்தியாவின் பல நகரங்களில் தோல் மருத்துவர்கள் சேர்ந்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். முகத்தில் தோல் பிரச்சினையோடு வந்த 2,926 பேரில் 433 பேர் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள். அந்த 433 பேரில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அதைச் சொன்னவர் மருத்துவரே இல்லை. எங்கள் தோல் மருத்துவர் சங்கம் தொடர்ந்து முறையிட்ட பிறகு, 2018-ல் மத்திய அரசு பூசும் ஸ்டீராய்டுகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று விதியைத் திருத்தியது. விதி காகிதத்தில் இருக்கிறது. கடையில் போய், "கண்ணுக்கடியில கருப்பா இருக்குண்ணா" என்று சொல்லிப் பாருங்கள், ட்யூப் வந்துவிடும். மருந்தாளுநர் படித்தவர்தானே? உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாதா? சீட்டு கேட்டுத் திருப்பி அனுப்பும் கடைக்காரர்களும் இருக்கிறார்கள், அவர்களிடமே வாங்குங்கள். மற்றவர்களைப் பற்றி மருந்து ஆய்வாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். நான்கு வரி போதும்.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை. தூக்கமின்மைதான் காரணம் என்பது கால் பங்கு உண்மை. தூங்காவிட்டால் முகம் வெளிறும், இமை வீங்கும், இருப்பது தூக்கலாகத் தெரியும். நிறமி புதிதாக உண்டாகாது. பரம்பரைதான் பெரிய காரணம். 2014-ல் இந்தியத் தோல் மருத்துவ இதழில் 200 பேரை வைத்து வந்த ஆய்விலும் பாதிப் பேருக்கு அது பிறவியமைப்பாகவே இருந்தது. உங்கள் அம்மாவின் கண்ணையும் மாமாவின் கண்ணையும் பாருங்கள். வெள்ளரிக்காய் குளிர்ச்சியால் வீக்கத்தைச் சிறிது நேரம் குறைக்கும், அதற்கு மேல் ஒன்றுமில்லை. எலுமிச்சைச் சாறு வேண்டவே வேண்டாம்; பூசிக்கொண்டு வெயிலில் போனால் புண்ணாகி அதைவிடக் கறுக்கும். கிட்னி கெட்டுவிட்டது, கல்லீரல் கெட்டுவிட்டது என்று கருவளையத்தை மட்டும் பார்த்துப் பயமுறுத்துகிறவர்களை நம்பாதீர்கள். கண்ணைக் கசக்கும் பழக்கத்தைத்தான் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. தும்மல், மூக்கடைப்பு, கண் அரிப்பு இருக்கும் பிள்ளைகள் கசக்கிக் கசக்கியே கறுப்பாக்கிக்கொள்கிறார்கள். அங்கே வைத்தியம் ஒவ்வாமைக்கு.

உங்களுக்கு இருப்பது எந்த வகை என்று வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். கண்ணாடி முன் நின்று கீழிமையை மெல்ல இழுங்கள். பழுப்பு அப்படியே இருந்தால் நிறமி. ஊதா நிறம் இன்னும் கூடினால் அடியிலுள்ள ரத்தக் குழாய். நேராக டார்ச் அடித்தவுடன் காணாமல் போனால் அது குழிவின் நிழல், எந்த க்ரீமாலும் போகாது. நிறமிக்குத் தினமும் சன்ஸ்க்ரீன், கசக்காமல் இருப்பது, மருத்துவர் தரும் மென்மையான க்ரீம், மாதக்கணக்கில் பொறுமை இவையெல்லாம் சேர்ந்தால் மங்கும். முழுதும் மறையும் என்று யார் சொன்னாலும் காசைப் பையிலேயே வையுங்கள்.

பச்சை நரம்பு தெரிந்தால் நரம்புத் தளர்ச்சி என்று லேகியம் விற்பவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அது ரத்தம் திரும்பிப் போகும் சிரை. தளர்ச்சிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ரத்தம் கருஞ்சிவப்புத்தான், தோலின் ஊடாக ஒளி சிதறித் திரும்பும் விதத்தால் நம் கண்ணுக்கு நீலமாகவோ பச்சையாகவோ படுகிறது. மெல்லிய தோல் உள்ளவர்களுக்கும் குழந்தைகளுக்கும் தெரிவது இயல்பு, விட்டுவிடலாம். வேண்டவே வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கு லேசர் இருக்கிறது. விழியின் மேலேயே உலோகக் கவசம் பொருத்திக்கொண்டு, பயிற்சி பெற்ற மருத்துவர் செய்ய வேண்டியது அது. காலில் சிரைக்குப் போடும் ஊசியைக் கண்ணருகே போடுகிறேன் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். அங்குள்ள சிரைகள் விழிக்குப் பின்னால் உள்ள சிரைகளோடு இணைந்தவை. குழிவை நிரப்பப் போடும் ஃபில்லர் ஊசியும் தவறிப்போய்த் தமனிக்குள் இறங்கினால் பார்வை போகும். பார்லரில் அதைப் போட்டுக்கொள்ள யாருமே உட்காரக் கூடாது. மருத்துவரிடமே போனாலும், ஏதாவது தவறினால் கரைக்கும் ஹயலுரோனிடேஸ் மருந்து அந்த அறையில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள்.