பழுப்பு நிலங்களும் பொதுப் பணமும்

ஆலை ஒன்று மூடப்பட்டால் வேலை போகிறது. ஊருக்கு வரும் வரிப்பணமும் போகிறது. இவ்விரண்டையும் எல்லோரும் பேசுவர். அவ்வாலை நின்றிருந்த நிலம் என்னவாயிற்று என்று கேட்பவர் சிலரே.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் இக்கேள்வி பெரும் பொருளாதாரச் சிக்கலாகவே வளர்ந்தது. எண்ணெய்க் கிடங்கு, வார்ப்பட ஆலை, தோல் பதனிடும் சாலை, பெட்ரோல் பங்க் முதலியவை இருந்த மனைகள், மண்ணில் நஞ்சு கலந்திருக்குமோ என்ற ஐயத்தால் வாங்குவாரின்றிக் கிடக்கின்றன. இவற்றை 'பிரவுன்ஃபீல்டு', அதாவது பழுப்பு நிலம் என்பர். அந்நாட்டில் இத்தகைய இடங்கள் 4,50,000-க்கு மேல் இருப்பதாகச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை மதிப்பிடுகிறது. நஞ்சு இருப்பது மெய்ப்பிக்கப்பட வேண்டுவதில்லை. இருக்கக்கூடும் என்ற நிலையே போதும், அது பழுப்பு நிலந்தான்.

இவ்வச்சம் எங்கிருந்து வந்தது? நியூயார்க் மாநிலத்தின் நயாகரா ஃபால்ஸ் நகரில் 'லவ் கால்வாய்' என்றொரு பள்ளம். ஹூக்கர் இரசாயனக் கம்பெனி 1942 முதல் 1953 வரை அதில் சுமார் 21,000 டன் இரசாயனக் கழிவைப் புதைத்தது. 1953-ல் அந்நிலத்தை ஒரே ஒரு டாலருக்குப் பள்ளி வாரியத்திற்கு விற்றது. அங்கே பள்ளிக்கூடம் எழுந்தது. சுற்றிலும் வீடுகள் எழுந்தன. 1978-ல் அதிபர் கார்ட்டர் அங்கு நெருக்கடி நிலையை அறிவிக்க நேர்ந்தது. அதன் விளைவே 1980-ன் 'சூப்பர்ஃபண்டு' சட்டம். மாசுபடுத்தியவர் மட்டுமன்று, நிலத்தின் இன்றைய உரிமையாளரும் துப்புரவுச் செலவுக்குப் பொறுப்பாளி என்றது அச்சட்டம்.

நோக்கம் நல்லதே. ஆயினும் விளைவு வேறாயிற்று. பழைய ஆலை மனையை வாங்கினால் முன்னவர் செய்த பாவமும் கூடவே வருமென்று முதலாளிகள் அஞ்சினர்; வங்கிகள் கடன் தரத் தயங்கின. நகரின் நடுவே நிலம் பாழாய்க் கிடக்க, புதிய கட்டடங்கள் ஊருக்கு வெளியே விளைநிலங்களை நாடிச் சென்றன.

ஐயத்தைப் போக்க ஒரே வழி சோதனை. அது இரு கட்டமாக நடைபெறும். முதற் கட்டத்தில் மண்ணைத் தொடுவதே இல்லை. பழைய பத்திரங்கள், விமானப் படங்கள், அக்கம்பக்கத்தாரின் வாய்மொழி ஆகியவற்றைத் திரட்டுவர். இதில் சுவையான செய்தி ஒன்றுண்டு. 19-ஆம் நூற்றாண்டிலிருந்து 'சேன்பார்ன்' கம்பெனி தீக்காப்பீட்டுக்காக நகர வரைபடங்கள் தயாரித்து வந்தது. எந்தக் கட்டடம் எதற்குப் பயன்பட்டது, எரிபொருள் எங்கே வைக்கப்பட்டது என்றெல்லாம் அவற்றில் குறித்திருப்பர். தீக்கு அஞ்சி வரைந்த படம் இன்று நஞ்சைத் தேட உதவுகிறது! ஐயம் வலுத்தால் இரண்டாம் கட்டம்: துளையிட்டு மண்ணையும் நிலத்தடி நீரையும் எடுத்து ஈயம், ஆர்செனிக், பெட்ரோலியப் பொருள்கள் முதலியவற்றுக்காக ஆய்வுக்கூடத்தில் சோதிப்பர். செலவு இங்கேதான் ஏறுகிறது.

பொருளியல் பயிலும் நண்பர்கள் இவ்விடத்தைச் சற்று ஊன்றிப் படித்தல் நலம். இச்செலவை யார் செய்வார்? உரிமையாளருக்கோ தெரியாமலிருப்பதே இலாபம். நஞ்சு உண்டென்று தெரிந்தால் விலை விழும். வாங்க வருபவர், வாங்குவோமா என்றே உறுதியில்லாதபோது பணத்தை மண்ணில் போடமாட்டார். ஆனால் சோதனையின் முடிவோ அண்டை வீட்டாருக்கும் நகராட்சிக்கும் நாளை வரப்போகும் தொழிலுக்கும் பயன்படுகிறது. பயன் பலருக்கு, செலவு ஒருவருக்கு என்றால் அச்செயல் நடவாது. ஆகவேதான் பொதுப் பணம் வேண்டியதாயிற்று.

1993-ல் ஒஹையோ மாநிலத்தில் கிளீவ்லாந்து நகரை உள்ளடக்கிய கயஹோகா கவுன்டிக்கு முதல் முன்னோடி உதவி வழங்கப்பட்டது. 2002-ன் சட்டம் இதனை நிலைப்படுத்தி, வாங்குமுன் உரிய விசாரணை செய்தவருக்குப் பொறுப்பிலிருந்து பாதுகாப்பும் அளித்தது. 2021-ன் உள்கட்டமைப்புச் சட்டம் பழுப்பு நிலங்களுக்கென 150 கோடி டாலர் ஒதுக்கியது. மாசுக்குக் காரணமானவருக்கு இம்மானியம் கிடையாது என்பது நியாயமே.

எனினும் குறை இல்லாமலில்லை. மானியம் போட்டியின் பேரில் கிடைப்பது. விண்ணப்பம் எழுதத் தேர்ந்த அலுவலரை வைத்திருக்கும் பெருநகருக்கும், எழுத்தர் ஒருவரோடு காலந்தள்ளும் சிற்றூருக்கும் அது ஒன்றாகுமா? மேலும், சோதனைக்கான மானியத்தைத் துப்புரவுக்குச் செலவிடலாகாது. பிறர் நிலத்தையும் அவர் இசைவோடு சோதிக்கலாம். ஆனால் துப்புரவு மானியம் கேட்பவர் அந்நிலத்திற்கு உரிமையாளராக இருத்தல் வேண்டும். மண்ணில் ஈயம் இருப்பதைக் கண்டறிந்த ஊர் முதலில் அந்த மண்ணையே விலைக்கு வாங்கி, பிறகு மறுபடியும் வரிசையில் நிற்கிறது.