உபுண்டுவில் கண்ணுக்கும் கைக்கும் துணை

உபுண்டு கணினியில் ஆல்ட், சூப்பர் (விண்டோஸ் சின்னமுள்ள விசை), எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். ஆர்கா திரைவாசிப்பான் பேசத் தொடங்கும். கடவுச்சொல் கேட்கும் திரையிலேயே இது வேலை செய்வதால், பார்வையற்றவர் பிறர் துணையின்றி உள்ளே நுழையலாம். இன்சர்ட்டுடன் ஸ்பேஸ் அழுத்தினால் ஆர்காவின் அமைப்புகள் திறக்கும்; அங்கே பேச்சின் வேகத்தைக் குறைக்கலாம். ஈஸ்பீக் குரலில் தமிழும் உண்டு. சற்று இயந்திரத்தனமாக ஒலிக்கும், ஆனால் காது பழகிவிடும்.

ஒரு கையால் தட்டச்சு செய்பவரா? அமைப்புகளில் அணுகல்தன்மைப் பகுதிக்குப் போய் 'ஸ்டிக்கி கீஸ்' வசதியை இயக்குங்கள். கன்ட்ரோலை அழுத்தி விட்டுவிட்டு, பிறகு நிதானமாக சி-யைத் தட்டினாலும் நகலெடுக்கும். கை நடுக்கம் இருந்தால் 'ஸ்லோ கீஸ்' உதவும்: தவறிப் பட்ட விசையைக் கணினி பொருட்படுத்தாது.

எல்லாமே இலவசம். பிறருக்குக் கணினி அமைத்துத் தருபவர்கள் இவற்றை முதல் நாளே செய்துகொடுங்கள்.