நமது ஜலதோஷமும் காட்டுச் சிம்பன்சிகளும்



மிருகங்களிடமிருந்து மனிதருக்கு வியாதி வரும் என்பதை எல்லோரும் அறிவோம். வெறிநாய்க்கடியைப்பற்றிச் சிறு பிள்ளைக்கும் தெரியும். ஆனால் நம்மிடமிருந்து காட்டு மிருகங்களுக்கு வியாதி போகிறது என்றால் பலர் நம்பமாட்டார்கள். அதுவும் ஏதோ பெரிய கொள்ளைநோய் அல்ல. மிளகுக் கஷாயம் குடித்துவிட்டு மூன்று நாளில் நாம் மறந்துபோகிற ஜலதோஷந்தான்! இந்த வாரம் அதைப்பற்றிச் சிறிது படிப்போம்.

சிம்பன்சி, கொரில்லா முதலிய வாலில்லாக் குரங்குகள் உடலமைப்பில் நமக்கு மிகவும் நெருங்கியவை. ஆகையால் நமது மூக்கிலும் தொண்டையிலும் குடியேறும் கிருமிகளுக்கு அவற்றின் மார்பும் அந்நிய வீடல்ல. நாமோ பால்குடிப் பருவம் முதற்கொண்டு இக்கிருமிகளோடு பழகி, ஒவ்வொரு மழைக்காலத்திலும் மூக்கைச் சிந்திச் சிந்தி எதிர்ப்புச் சக்தி பெற்றிருக்கிறோம். காட்டில் வாழும் சிம்பன்சிக்கு அந்தப் பழக்கம் ஏது?

மேற்கு ஆப்பிரிக்காவில் ஐவரி கோஸ்ட் என்னும் நாட்டில் தாய் என்ற பெயருடைய பெருங்காடு இருக்கிறது. கிறிஸ்டோஃப் போயெஷ் என்ற அறிஞர் 1979-ல் அங்கே சிம்பன்சிகளை ஆராயத் தொடங்கினார். மனிதரைக் கண்டு ஓடாதபடி அவற்றைப் பழக்குவதற்கே பல வருஷங்கள் பிடித்தன. 1999, 2004, 2006 ஆகிய வருஷங்களில் அந்தக் கூட்டங்களில் இருமலும் மூச்சுத்திணறலும் பரவி, பல சிம்பன்சிகள் மாண்டன. இறந்த உடல்களைச் சோதித்தபோது, நம் குழந்தைகளுக்குச் சளியும் இருமலும் உண்டாக்குகிற இரண்டு வைரஸ் கிருமிகள் அகப்பட்டன. அவற்றின் பின்னே நிமோனியாக் கிருமியும் புகுந்திருந்தது. மனிதரின் வைரஸ் காட்டுக் குரங்குகளைக் கொன்றதற்கு நேரான முதல் அத்தாட்சியாக 2008-ல் இது வெளியிடப்பட்டது. அன்போடு பழக்கப்போனவர்களே அறியாமல் நோயையும் கொண்டுபோயிருக்கக்கூடும் என்பது எவ்வளவு வருத்தமான விஷயம்!

உகாண்டா நாட்டிலுள்ள கிபாலே காட்டிலும் இதே கதை. 2013-ல் அங்கே 56 சிம்பன்சிகள் கொண்ட ஒரு கூட்டத்தில் ஐந்து மடிந்தன. காரணம் ரைனோ வைரஸின் ஒரு வகை. நமக்கு மூக்கு ஒழுகச் செய்வது இந்த வைரஸ் குடும்பந்தான். அதே காட்டில், 2016 முடிந்து 2017 பிறக்கும் சமயத்தில், 205 சிம்பன்சிகள் இருந்த வேறொரு கூட்டத்தில் 25 இறந்தன. இது தாய்க் காட்டில் கண்ட வைரஸ்களில் ஒன்றின் வேலை.

நமக்கு அற்பமானது அவற்றுக்கு ஏன் எமனாகிறது என்று கேட்பீர்கள். பழக்கமின்மை ஒரு காரணம் என்று சொன்னேன். மற்றொன்றும் உண்டு. அந்த ரைனோ வைரஸ் ஒட்டிக்கொள்வதற்கு மூச்சுக்குழாயில் ஒருவகைப் பிடி இருக்கிறது. மனிதரில் பெரும்பாலோருக்கு அந்தப் பிடி சிறிது மாறி அமைந்திருப்பதால் கிருமி எளிதில் ஒட்டுவதில்லை. மாறாத பிடியுள்ள குழந்தைகளுக்கோ ஆஸ்துமா இழுப்பு வர இடம் அதிகம். சோதிக்கப்பட்ட சிம்பன்சிகள் யாவற்றுக்கும் மாறாத பிடியே இருந்தது. அதாவது, இழுப்புக்கார வீட்டில் எல்லோருமே இழுப்புக்காரர் என்ற நிலை.

மேலும் ஒரு தாய்ச் சிம்பன்சி ஒரு குட்டி ஈன்றபின் அடுத்ததை ஈன ஐந்தாறு வருஷங்கள் ஆகும். அப்படிப் போன 25 உயிர்களை ஈடுசெய்ய எவ்வளவு காலம் பிடிக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அப்படியானால் மனிதர் ஒருவரும் காட்டுக்குள் போகாமல் இருந்துவிட்டால் என்ன? நல்ல கேள்விதான், ஆனால் விடை சுலபமல்ல. தாய்க் காட்டில் ஆராய்ச்சியாளர் நடமாடும் பக்கத்தில் வேட்டைக்காரர் வரத் தயங்குகிறார்கள். சிம்பன்சிகளும் அங்கேதான் அதிகம் மிஞ்சியிருக்கின்றன. ருவாண்டாவிலும் உகாண்டாவிலும் மலைக் கொரில்லாக்களைப் பார்க்க வருவோர் கட்டும் பணம் காவலுக்கு உதவுகிறது. 2018-ல் முடிந்த கணக்கின்படி உலகம் முழுவதிலும் மலைக் கொரில்லாக்கள் 1,063 மட்டுமே. காவலை எடுத்தால் துப்பாக்கி வரும். காவலர் போனால் இருமல் வரும். இரண்டுக்கும் நடுவே வழி தேடவேண்டியிருக்கிறது.

அந்த வழி என்ன? முகக்கவசம், கை கழுவுதல், தூரத்திலிருந்து வருபவர் சில நாள் ஒதுங்கியிருத்தல், சளி உள்ளவர் போகாதிருத்தல், இவ்வளவுதான். கொரில்லாவுக்கு 7 மீட்டர் தள்ளி நிற்கவேண்டும் என்பது பழைய விதி. கொரோனா வந்தபின் அது 10 மீட்டர் ஆயிற்று. விதி இருந்தாலும், உகாண்டாவில் பயணிகளைக் கவனித்து 2020-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, ஏறக்குறைய எல்லாக் குழுக்களுமே 7 மீட்டரையும் தாண்டிக் கிட்டே போயிருந்தன. படம் பிடிக்கும் ஆசை யாரை விட்டது!

குடும்பத்தாராகிய உங்கள் காதில் விழவேண்டியது இன்னொன்று. கிபாலேயைச் சுற்றியுள்ள ஊர்களில் செய்த ஆராய்ச்சியில், அதிகமாக இருமுவது பிள்ளைகள் என்றும், காட்டுக்குள் வேலைக்குப் போகும் பெரியவர்களுக்கு நோய்க்குறி தெரிவது குறைவு என்றும் கண்டார்கள். பூசை நேரத்தில் ஒரு குழந்தை இருமினால் அடுத்த ஞாயிறு எத்தனை குழந்தைகள் இருமும் என்பதைப் பீடத்தில் நிற்கும் நான் அறிவேன். அங்கும் அப்படியே: பள்ளியில் பிடித்த சளி வீட்டுக்கு வரும், தும்மல்கூட இல்லாத தகப்பன் அதைக் காட்டுக்குக் கொண்டுபோகலாம். ஆகவே பள்ளிக்கூடத்தில் தண்ணீரும் சவர்க்காரமும் வைப்பதுங்கூடக் காட்டைக் காக்கும் வேலையாகிறது. அத்துடன், தினக்கூலிக்கு வழிகாட்டுகிற ஏழை, “எனக்குச் சளி” என்று சொல்லி ஒரு நாள் கூலியை இழக்கத் துணிவானா? சளி பிடித்த நாளுக்கும் அவனுக்குக் கூலி கொடுக்க ஏற்பாடு வேண்டும். அது முகக்கவசத்துக்குச் சற்றும் குறைந்த மருந்தல்ல.