முதியோர் நினைவும் அடக்க முறையும்



அய்யாவழி மக்கள் இறந்தவரைச் சிதையில் ஏற்றுவதில்லை, பெட்டியில் அடைப்பதும் இல்லை. நீராட்டிப் புதுத்துணி உடுத்தி, நெற்றியில் திருநாமம் இட்டு, சம்மணம் கூட்டி, வடக்கு முகமாகக் குழியில் இருத்தி மண் இடுவதே முறை. உயிர் போன உடலைக் களைவதற்கான வழியாக இதை முன்னோர் கருதவில்லை. தர்ம யுகம் பிறக்கும் வரை அந்த உடல் மண்ணுக்குள் தவம் இருக்கிறது என்பதே நம்பிக்கை. தவத்துக்கு உட்கார்ந்தவரைப் படுக்க வைப்பது யார்? மேலே பலகை போட்டு மூடுவது யார்?

அய்யா வைகுண்டர் கொல்லம் 1008 மாசி 20-இல் திருச்செந்தூர்க் கடலில் இருந்து எழுந்தருளி, பூவண்டன்தோப்பில் ஆறு வருடம் தவம் இருந்தார். முதல் இரண்டு வருடம் ஆறடிக் குழிக்குள்ளும், அடுத்த இரண்டு வருடம் தரையிலும், கடைசி இரண்டு வருடம் உயர்ந்த இருக்கையிலும் அந்தத் தவம் நடந்தது. குழிக்குள் இருந்ததுதான் முதல் தவம். ஒரு முதியவரை மண்ணில் இருத்தும்போது இந்த வரலாறு தெரிந்தவர்களுக்கு அந்தக் குழி அச்சம் தருவதில்லை. கொல்லம் 1026 வைகாசி 21-இல் அய்யா வைகுண்டம் எழுந்தருளிய பின்பு திருமேனியை அடக்கம் செய்த இடத்தைச் சுற்றித்தான் சாமித்தோப்புப் பதியே எழுந்தது.

இந்த முறை இன்று பல வீடுகளில் தவறிப் போகிறது. நம்பிக்கை குறைந்ததால் அப்படி ஆகிறது என்று சொல்ல முடியாது, பெரும்பாலும் நேரம் தவறுவதால்தான் ஆகிறது.

முன்பெல்லாம் காலையில் இறந்தவரை மாலைக்குள் அடக்கம் செய்துவிடுவார்கள். இப்போது மகன் துபாயில் இருப்பான், மகள் பெங்களூரில் இருப்பாள். அவர்கள் வந்து சேரும் வரை குளிர்ப்பெட்டியை வாடகைக்குக் கொண்டுவந்து உடலை நீட்டிப் படுக்க வைக்கிறார்கள். உயிர் பிரிந்து 2, 3 மணி நேரத்தில் தாடையும் கழுத்தும் விறைக்கத் தொடங்கும். ஏறக்குறைய 12 மணி நேரத்தில் கை கால் எல்லாம் முழுவதும் விறைத்துவிடும். இரண்டாம் நாளுக்கு மேல் உடல் தானே தளரும் என்றாலும், குளிர்ப்பெட்டிக்குள் அது வெகுவாகத் தாமதப்படும். மகன் விமானத்தில் இருந்து இறங்கி வரும் நேரத்தில் கால் மடங்காது. அப்போது குழிமேட்டில் நடக்கும் தடுமாற்றத்தைப் பார்த்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள். மடக்கிப் பார்த்து முடியாமல், ‘சரி, படுக்கவே வையுங்க’ என்று யாரோ ஒருவர் சொல்ல, மற்றவர்கள் தலை குனிந்து கொள்வார்கள். அடுத்த துட்டி வீட்டில் அதுவே வழக்கம் ஆகிவிடும்.

இதைத் தவிர்ப்பது கடினமான காரியம் இல்லை. மருத்துவர் வந்து உயிர் பிரிந்ததை உறுதி செய்தவுடன், அழுகைக்கு நடுவிலும் வீட்டில் ஒருவர் திடமாக நின்று இதைக் கவனிக்க வேண்டும். கண்ணை மூடி, தாடையைத் துணியால் கட்டி, முதல் ஒரு மணி நேரத்துக்குள் கால்களைச் சம்மணமாக மடக்கி மெல்லிய துணியால் கட்டிவிட வேண்டும். முதுகுக்குச் சாய்மானம் கொடுத்து நாற்காலியிலோ சுவர் ஓரத்திலோ உட்கார வைத்தால் விறைப்பு அந்த நிலையிலேயே ஏறும். குளிர்ப்பெட்டி வேண்டியிருந்தால், மடக்கிய காலோடு ஒருக்களித்து வைக்கும் அளவுக்குப் பெரிய பெட்டியாகக் கேட்டு வாங்கலாம். ஊரில் பத்துப் பேருக்கு இது தெரிந்திருந்தால் போதும். இப்போது பல தாங்கல்களில் இதைச் செய்யத் தெரிந்தவர்கள் எழுபது வயதைக் கடந்த இரண்டு மூன்று பேர்தான். அவர்களும் போன பின்பு யாரைக் கூப்பிடுவது என்பதை இளைஞர்கள் இன்றே யோசிக்க வேண்டும்.

மருத்துவமனையில் இறந்தவரை நேரம் கழித்துக் கொடுப்பதும் உண்டு. பிரேதப் பரிசோதனை முடிந்து மறுநாள் வருவதும் உண்டு. அப்படி வந்த உடலை வற்புறுத்தி மடக்கக் கூடாது. அது முதியவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. படுத்த நிலையில் மண்ணுக்குள் போன தாய்க்காக ஒரு மகன் காலம் முழுவதும் குற்ற உணர்வோடு இருக்க வேண்டியதும் இல்லை. முடிந்தவர்கள் முறையை விடக் கூடாது. முடியாமல் போனவர்களைப் பார்த்து ஊர் குறை பேசக் கூடாது. இரண்டாவதுதான் இன்று அதிகம் தேவைப்படுகிறது.

குழி விஷயத்தில் கவனிக்க வேண்டியவை சில. உட்கார வைக்கும் குழி சதுரமாகவும் ஆழமாகவும் இருக்க வேண்டும். குழி வெட்டுகிறவரிடம் இதை முதலிலேயே சொல்லாவிட்டால் அவர் பழக்கப்படி நீளக் குழியாகவே வெட்டி வைத்திருப்பார். கடற்கரையோர மணலில் பக்கங்கள் சரியும், ஆகவே வாய் அகலமாக எடுக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் தாழ்ந்த இடங்களில் தண்ணீர் ஊறும், மேடான இடம் பார்க்க வேண்டும். வடக்கைச் சூரியனைப் பார்த்துக் குத்துமதிப்பாக எடுப்பது சரியாக வராது. மார்கழி, தை மாதங்களில் சூரியன் கிழக்கில் இருந்து நன்றாகத் தெற்கே தள்ளித்தான் உதிக்கும். கைபேசியில் உள்ள திசைகாட்டியே போதுமானது, துட்டி வீட்டில் கைபேசி செய்யும் நல்ல காரியம் அது ஒன்றுதான் என்றும் சொல்லலாம்.

வீட்டு வளவுக்குள்ளேயே அடக்கம் செய்வது தெற்கத்தி ஊர்களில் பழைய வழக்கம். தமிழ்நாட்டு ஊராட்சிகளில் 1999-ஆம் ஆண்டின் விதிகளின்படி, அனுமதி பெற்ற மயானம் அல்லாத இடத்தில், குடியிருப்புக்கோ குடிநீர் ஆதாரத்துக்கோ 90 மீட்டருக்குள் அடக்கம் செய்யக் கூடாது. துட்டி நடந்த அன்று பக்கத்து வீட்டாரோடு வழக்காடுவதை விட, தாங்கலைச் சேர்ந்தவர்கள் கூடி ஒரு பொது இடத்துக்கு முன்னமே அனுமதி வாங்கி வைப்பது நல்லது. இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். மருத்துவமனையில் இறந்தால் அவர்களே பதிவுக்கு அனுப்புவார்கள், வீட்டில் இறந்தால் வீட்டார்தான் தெரிவிக்க வேண்டும். கிராமங்களில் கிராம நிர்வாக அலுவலரிடம் பதியலாம்.

செலவைப் பற்றியும் ஒன்று. மண் மட்டும் போதும் என்ற முறையில், கடன் வாங்க இடமே இல்லை. மரப்பெட்டி வேண்டாம், சிமென்ட் கல்லறை வேண்டாம், சலவைக்கல் வேண்டாம். ஆனால் வேட்டும் மேளமும் சாராயமும் எப்படியோ உள்ளே வந்துவிட்டன. அறுபது வருடம் பதிக்குத் துவைத்த வேட்டியோடு போன ஒரு தாத்தாவின் தேர் முன்னால் குடித்தவர்கள் ஆடினால், அது அவருக்குச் செய்யும் சிறப்பு ஆகாது. அந்தப் பணத்தில் நூறு பேருக்கு அன்னம் போடலாம். கீழே கிடப்பவரைத் தூக்கி நிறுத்துவதையே அய்யா தர்மம் என்றார்.

உடலை முறைப்படி இருத்திய பின்பும் ஒன்று மிச்சம் இருக்கிறது. அந்த முதியவர் அறிந்து வைத்திருந்தது எங்கே போகிறது?

ஒரு கணக்குப் பார்த்தால் விளங்கும். 1845-இல் அய்யா சாமித்தோப்பில் இருந்தபோது பத்து வயதுச் சிறுவனாக அவரைக் கண்ணால் கண்ட ஒருவர், 1915-இல் 80 வயது தாத்தாவாக இருந்திருப்பார். அவர் மடியில் பத்து வயதில் கதை கேட்ட பேரன் 1985-இல் 80 வயது தாத்தா. அவரிடம் நேரில் கேட்டவர்கள் இன்றும் ஊருக்குள் நடமாடுகிறார்கள். அய்யா நடந்த காலத்துக்கும் இன்றைக்கும் நடுவில் இரண்டே வாய்கள்தான். அந்த இரண்டாவது வாயில் இருந்து கேட்டவர்களில் மூத்தவர்கள் இப்போது எண்பதையும் தொண்ணூறையும் கடந்து ஒவ்வொருவராக வைகுண்டம் சேர்கிறார்கள்.

அகிலத்திரட்டு அம்மானை கொல்லம் 1016 கார்த்திகை 27-இல் சகாதேவன் சீடர் என்னும் அரிகோபாலன் சீடர் கைப்பட எழுதத் தொடங்கிய ஏடு. அது அச்சில் வந்தது 1939-இல்தான். ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு அது ஓலையிலும் வாயிலுமாகவே வாழ்ந்தது. புத்தகம் வருவதற்கு முன்பு ஓலையைப் பார்த்து வாசித்தவர்களிடம் ராகம் கற்ற முதியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். விருத்தத்தை எப்படி இழுத்து நிறுத்துவது, நடையை எந்த வேகத்தில் கொண்டு போவது என்பது அச்சுப் புத்தகத்தில் இல்லை. திருஏடு வாசிப்பில் பின்பாட்டாக உட்கார்ந்து காதால் பிடித்தவர்களிடம்தான் அது இருக்கிறது.

வெளியார் எழுதி வைத்தது நிறைய உண்டு. லண்டன் மிஷன் சங்கத்தார் 1800-களின் நடுவிலேயே தங்கள் அறிக்கைகளில் இந்த வழியைப் பற்றி எழுதினார்கள். தங்கள் வேலைக்குத் தடையாகக் கண்டவர்கள் எழுதியதால், எழுதிய விதமும் அப்படித்தான் இருந்தது. இன்று ஆராய்ச்சி செய்ய வருகிறவர்கள் அந்தக் காகிதங்களைத்தான் புரட்டுகிறார்கள். தாங்கலுக்குத் தன் ஐந்து செண்டு நிலத்தைக் கொடுத்த பாட்டியின் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை.

அந்தப் பாட்டிமார்களைப் பற்றித்தான் மிகக் குறைவாகத் தெரிகிறது. ஏடு வாசித்த ஆண்களின் பெயராவது இரண்டு தலைமுறைக்கு நிற்கிறது. விடியுமுன் தாங்கல் முற்றத்தைப் பெருக்கி, தண்ணீர் தெளித்து, பள்ளியறைக் கண்ணாடியைத் துடைத்து, விளக்குக்குத் திரி திரித்த பெண்கள் பெயர் இல்லாமலே போனார்கள். மார்புச்சேலை போடும் உரிமைக்கு 1859-இல்தான் திருவிதாங்கூர் அரசு ஆணை இட்டது. அதற்கு முன்பு வாழ்ந்த தாய்மார் என்ன பட்டார்கள் என்பதைத் தங்கள் பாட்டிமாரிடம் கேட்ட பெண்களிடம் கேட்டவர்கள் இன்றைய ஆச்சிமார். அவர்கள் தாமாகச் சொல்ல மாட்டார்கள். ‘அதெல்லாம் எதுக்கு மக்கா’ என்று தள்ளிவிடுவார்கள். பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக் கொடுத்துக் கேட்டால்தான் வரும்.

கேட்கும்போது பெரிய கேள்வி கேட்டால் பெரிய பதில் வராது. ‘உங்க வாழ்க்கையைச் சொல்லுங்க ஆச்சி’ என்றால், ‘என்னத்தச் சொல்ல’ என்பதோடு முடிந்துவிடும். ‘இந்தத் தாங்கலுக்கு முதல்ல ஓலை வேய்ஞ்சது யாரு?’, ‘கஞ்சிக்கு அரிசி யாரு வீட்டுல இருந்து வந்தது?’, ‘சாமித்தோப்புக்கு நடந்து போகும்போது ராத்திரி எங்க தங்குவீங்க?’ என்று கேட்டால் ஒன்றில் இருந்து ஒன்றாக இழுத்துக்கொண்டு வரும். கைபேசியில் பதிவு செய்வதானால் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும். முகம் தெரியாமல் குரல் மட்டும் போதும் என்றால் பலர் சம்மதிப்பார்கள்.

வருடத்தை அவர்கள் கொல்லத்தில் சொல்வார்கள். ஆவணி முதல் மார்கழி நடு வரை கொல்ல வருடத்தோடு 824-ஐயும், அதன் பின்பு ஆடி முடிய 825-ஐயும் கூட்டினால் ஆங்கில வருடம் வரும். ஆயிரத்து நூற்றுப் பத்து மாசியில் பிறந்த ஆச்சி என்றால் 1935. வருடமே தெரியாதவர்களுக்கு வேறு அடையாளங்கள் இருக்கின்றன. தொண்ணூற்றொன்பதாம் வெள்ளம் 1924. கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956. ‘வெள்ளத்துக்கு மறுவருஷம் எங்க அம்மைக்குக் கல்யாணம்’ என்று ஒரு சொல் கிடைத்தால், அதைச் சுற்றி மற்றவற்றை வரிசைப்படுத்தலாம்.

அடக்கம் எப்படி நடக்க வேண்டும் என்பதையும் அந்த உட்காரலிலேயே கேட்டுக்கொள்ளலாம். பிள்ளைகள் தயங்குவார்கள், முதியவர்கள் தயங்குவதில்லை. தகன மேடை மட்டும் இருக்கும் நகரத்தில் மகனோடு இருக்கிறவர்களுக்கு இந்தக் கவலை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருக்கும். ஊருக்குக் கொண்டுபோக வேண்டுமா, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்காகக் காத்திருக்க வேண்டுமா, காத்திராமல் மண் இடலாமா என்பதை அவர்களே சொல்லிவிட்டால் அன்றைய தினம் அண்ணன் தம்பிக்குள் பேச்சு வராது. ‘நீ வரலேன்னா பரவாயில்லை, என்னை உட்கார வச்சிருங்க’ என்று ஒரு தாய் சொல்லி வைத்திருந்தால், வர முடியாத மகனுக்கும் அது ஆறுதல்.

பதினாறாம் நாள் அடியந்திரம் ஊருக்கு ஊர் வேறுபடும். அன்றைக்கு அன்னம் இடுவதும் அகிலம் வாசிப்பதும் எங்கும் பொது. வாசிப்பு முடிந்து பந்தி தொடங்கும் முன்பு கால் மணி நேரம் ஒதுக்கி, இறந்தவரோடு பழகிய இரண்டு பேரைப் பேச வைக்கலாம். புகழுரை வேண்டாம். எந்த வேலை செய்தார், யாருக்குச் சோறு போட்டார், யாரோடு பிணக்கு இருந்து பின்பு எப்படித் தீர்ந்தது, எந்தப் பாட்டை விரும்பிப் பாடினார் என்று சொன்னால் போதும். அதை ஒருவர் நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். ஒரு பக்கத்துக்கு ஒருவர் என்று எழுதினால் இருநூறு பக்க நோட்டு ஒரு சிறிய தாங்கலுக்குப் பல வருடம் வரும். பெயர், பிறந்த கொல்ல வருடம், தாய் தகப்பன் பெயர், வைகுண்டம் சேர்ந்த நாள், இருத்திய இடம், யார் யார் குழிக்குள் இறங்கி இருத்தினார்கள் என்பதை மேலே எழுதி, கீழே சொன்னதைச் சொன்னபடியே எழுத வேண்டும். நோட்டைத் திருஏடு இருக்கும் அலமாரியிலேயே, கரையான் எட்டாத தட்டில், வேப்பிலை போட்டு வைக்கலாம்.