வளையும் மூட்டுக்கு வலிமை தரும் உணவு



மாணவர் முன்பே அறிந்த ஒன்றிலிருந்துதான் எந்தப் பாடத்தையும் தொடங்க வேண்டும் என்று, ஆசிரியப் பயிற்சி பெற வந்தவர்களுக்குப் பல ஆண்டுகள் சொல்லி வந்தவள் நான். இப்பாடத்தையும் அவ்வாறே தொடங்குகிறேன்.

பரதநாட்டிய வகுப்பில் சில சிறுமியரின் விரல்கள் பின்புறமாக வில்போல் வளைவதைக் கண்டிருப்பீர்கள். முத்திரை பிடித்தால் அழகாயிருக்கும். நிமிர்ந்து நின்றால் முழங்கால் சற்றே பின்னோக்கித் தள்ளியிருக்கும். "உடம்பில் எலும்பே இல்லை போலும்" என்று வியப்போம். அதே சிறுமிக்கு அடிக்கடி கணுக்கால் பிசகும். வகுப்பு முடிந்தபின் முழங்கால் வலிக்கும். அந்த அழகும் இந்த வலியும் ஒரே காரணத்தால் வரக்கூடும். அதற்கு மூட்டு மிகைநெகிழ்வு என்று பெயர்.

1. மிகைநெகிழ்வு என்பது யாது?

எலும்பை எலும்போடு பிணைக்கும் நார்களில் கொலாஜன் என்னும் புரதம் உள்ளது. சிலருக்குப் பிறவியிலேயே இந்நார்கள் தளர்வாக அமைகின்றன. ஒரே குடும்பத்தில் பலருக்கு இருப்பதும் உண்டு.

இதனை அறிய, 1973ஆம் ஆண்டு பெய்ட்டன் முதலியோர் வெளியிட்ட ஒன்பது மதிப்பெண் சோதனையை மருத்துவர்கள் இன்றும் கையாளுகின்றனர். சுண்டுவிரல் பின்புறமாக 90 பாகைக்கு மேல் வளைதல், கட்டைவிரல் முன்கையைத் தொடுதல், முழங்கை 10 பாகைக்கு மேல் பின்வளைதல், முழங்கால் அவ்வாறே பின்வளைதல் ஆகிய நான்கிற்கும் பக்கத்திற்கு ஒன்றாக எட்டு மதிப்பெண்கள். முழங்காலை மடக்காமல் குனிந்து உள்ளங்கைகளைத் தரையில் பதித்தால் மேலும் ஒன்று. பருவமடையாத சிறார் 6, பருவமடைந்தோர் 50 வயது வரை 5 மதிப்பெண் பெற்றால் மிகைநெகிழ்வு உண்டு எனக் கொள்வர்.

மதிப்பெண் மிகுதி மட்டும் நோய் ஆகாது. வலியின்றி ஆடுவோர் பலர் உள்ளனர். ஆனால் ஓயாத வலி, மூட்டு நழுவுதல், எழுந்து நின்றதும் தலைசுற்றல் ஆகியவை இருந்தால் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

இனி இப்பாடத்தின் மையக் கருத்தைக் கூறுகிறேன். எந்த உணவும் தளர்ந்த நாரை இறுக்காது. நாரால் இயலாதபோது மூட்டைப் பிடித்து நிறுத்துவது தசையே. தசையை வளர்ப்பவை முறையான பயிற்சியும் போதிய உணவும் ஆகும். ஆகவே, இத்தகைய பெண் மற்றவரினும் குறைவாக உண்ணுதல் ஆகாது.

2. என் இல்லத்தில் நான் கற்றது

என் பேத்திக்கு அப்போது பதினைந்து வயது. மாலை ஐந்தரைக்கு நாட்டிய வகுப்பு. வீடு திரும்ப ஏழரை ஆகும். பகலவன் மறைந்தபின் உண்ணாத வழக்கத்தை எவர் வற்புறுத்தலுமின்றித் தானே கடைப்பிடித்தாள். நான்கு மணிக்கு இரண்டு ரொட்டித் துண்டுகள். அதன்பின் மறுநாள் காலை வரை ஒன்றுமில்லை. "பசிக்கவில்லை பாட்டி" என்று சொல்லிப் படுத்துவிடுவாள். உறவினர் இல்லங்களுக்குச் சென்றபோதெல்லாம் இதனைப் பெருமையாகச் சொன்னவள் நானே.

ஓராண்டில் மூன்று முறை கணுக்கால் பிசகியது. மாதவிலக்கு நான்கு மாதங்களாக நின்றிருந்ததை அவள் தாயிடமும் சொல்லவில்லை. பரிசோதித்த மருத்துவர் காலைப் பார்க்குமுன், "நேற்று என்னென்ன சாப்பிட்டாய்?" என்று கேட்டார். அவள் விடை கூறியபோது என் மருமகள் என்னைப் பார்த்தாள். நான் தலை குனிந்தேன். குறை விரதத்தில் இல்லை. பகற்பொழுதில் அவளுக்குச் சோறிட மறந்த எங்களிடமே இருந்தது.

செலவழிக்கும் ஆற்றலுக்கு ஈடாக உண்ணாத உடல், மாதவிலக்கையும் எலும்பு வளர்ச்சியையும் முதலில் குறைத்துக்கொள்கிறது. பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2014இல் இந்நிலைக்குத் தனிப்பெயர் இட்டு எச்சரித்தது. இது நடனமாடுவோருக்கும் பொருந்தும். மூன்று மாதங்கள் மாதவிலக்கு நின்றாலும், பதினைந்து வயது நிறைந்தும் பூப்பெய்தாவிடினும் மருத்துவரை அணுகுக.

3. தட்டில் இருக்க வேண்டியவை

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரையில், 13 முதல் 15 வயதுப் பெண்களுக்கு நாளொன்றுக்குப் புரதம் 43 கிராம், கால்சியம் 1000 மில்லிகிராம், இரும்பு 30 மில்லிகிராம். 16 முதல் 18 வயதினர்க்கு முறையே 46, 1050, 32. உயிர்க்கொலையற்ற நம் உணவிலேயே இவற்றைப் பெற வழியுண்டு, திட்டமிடல் வேண்டும்.

புரதம்: 50 கிராம் பருப்பில் சுமார் 11 கிராமும், கால் லிட்டர் பாலில் சுமார் 8 கிராமும், 30 கிராம் வேர்க்கடலையில் 7 கிராமுக்கு மேலும் உண்டு. மீதியைச் சோறும் சிறுதானியமும் தரும். ஒரே வேளையில் அன்றி, ஒவ்வொரு வேளையிலும் பருப்போ பாலோ இருத்தல் நலம்.

கால்சியம்: வெறுங்காலால் தரையைத் தட்டி ஆடும் கலைக்கு உறுதியான எலும்பு வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராமும், 100 மில்லி பாலில் சுமார் 120 மில்லிகிராமும் உள்ளன. எள்ளும் முருங்கைக்கீரையும் சிறந்தவை. சாதுர்மாசிய காலத்தில் கீரையை விடும் இல்லங்களில் கேழ்வரகு, எள், தயிர் ஆகியவற்றைக் கூட்டிக்கொள்க. கால்சியம் உடலில் சேர வைட்டமின் டி வேண்டும். வெயில் படாமல் வளரும் பெண்களுக்கு இது குறைவதுண்டு.

இரும்பு: பயறு, பருப்பு, கம்பு ஆகியவற்றோடு நெல்லியோ எலுமிச்சையோ சேர்த்தால் இரும்பு நன்கு உட்கொள்ளப்படும். உணவோடு தேநீர், காப்பி கூடாது. நெல்லியில் உள்ள வைட்டமின் சி, உடல் கொலாஜனை அமைக்கவும் தேவை. ஆயினும் அதனை மிகுதியாக உண்பதால் நார் இறுகிவிடாது.

வைட்டமின் பி12: தாவர உணவில் இது கிடைப்பதில்லை, பாலிலும் தயிரிலும் ஓரளவு உண்டு. சோர்வோ கைகால் மரமரப்போ இருந்தால் இரத்தப் பரிசோதனை செய்து, மருத்துவர் சொல்லும் மாத்திரையை உண்ண வேண்டும்.

நீர்: மிகைநெகிழ்வு உள்ளோரில் சிலருக்கு நின்றால் தலைசுற்றும். பகல் முழுவதும் சிறிது சிறிதாக நீரும் மோரும் அருந்துதல் நலம். உப்பைக் கூட்டுவது மருத்துவரின் சொற்படியே ஆதல் வேண்டும்.

4. பொழுதோடு பொருந்தும் காலமுறை

சென்னையில் கார்த்திகைத் திங்களில் மாலை 5.40 அளவிலேயே பகலவன் மறைகிறான். ஆடி மாதத்தில் 6.40 வரை வெளிச்சம் உண்டு. ஆண்டு முழுவதும் ஒரே நேரத்தை வைத்துக்கொள்ள இயலாது. எங்கள் இல்லத்தில் பின்வருமாறு மாற்றிக்கொண்டோம்.

காலை 6.30: பால் சேர்த்த கேழ்வரகுக் கஞ்சி.
காலை 8.00: இட்லி அல்லது பொங்கல், சாம்பாருடன்.
நண்பகல்: சோறு, பருப்பு, காய், தயிர்.
மாலை 4.00: சிற்றுண்டி அன்று, பருப்புச் சோறும் காயும் கொண்ட முழு உணவு.
வகுப்பிற்குச் சற்று முன், பொழுது இருக்கும்போதே: பாலும் ஓர் எள்ளுருண்டையும்.

ஒரு வேளை உணவு மிகப் பெரிதாக இருந்தால் வயிறு கனக்கும். ஆகவே ஐந்தாகப் பிரித்தோம். நாட்டிய ஆசிரியையிடம் நிலைமையைச் சொன்னபோது, வாரத்தில் ஒரு வகுப்பை ஞாயிறு காலைக்கு மாற்றித் தந்தார். இரவில் நீரும் அருந்தாத இல்லத்தார் காலை வகுப்பையே நாடுதல் நன்று.

அட்டமி, சதுர்த்தசி நாள்களில் உபவாசம் இருக்க விரும்பும் பெண், ஒத்திகையும் அன்றே இருந்தால் இரண்டில் ஒன்றை விடுதல் வேண்டும். தத்துவார்த்த சூத்திரம் கூறும் பதினாறு பாவனைகளுள் சக்திக்கேற்ற தவமும் ஒன்று என்பதைப் பெரியோர் எடுத்துச் சொல்லலாம்.

5. கடையில் வாங்குமுன்

மூட்டிற்கு நல்லதென விற்கப்படும் கொலாஜன் பொடிகள் மாடு, பன்றி, மீன் ஆகியவற்றின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுக்கப்படுபவை. மாத்திரை உறைகள் பலவும் அவ்வாறு செய்யப்பட்ட ஜெலட்டினே. வைட்டமின் டி3 பெரும்பாலும் ஆட்டு உரோமத்தின் கொழுப்பிலிருந்து பெறப்படுகிறது. பாசிவகையிலிருந்து எடுப்பதும் உண்டு. மருந்துக் கடையில் கேட்டறிந்து வாங்குக.

இரண்டாண்டுகள் கடந்தன. இயன்முறை மருத்துவர் கற்பித்த தசைப் பயிற்சியும் நான்கு மணிச் சோறும் தொடர்கின்றன. மாதவிலக்கு சீரானது. கணுக்கால் அதன்பின் ஒருமுறையே பிசகியது. அவள் விரதமும் காக்கிறாள், ஆடவும் செய்கிறாள்.

பயிற்சி வினாக்கள்

1. உம் மகள் நேற்று உண்டவற்றை நேரத்தோடு எழுதுக. கடைசி உணவிற்கும் மறுநாள் முதல் உணவிற்கும் இடையே எத்தனை மணி நேரம்?
2. ஒவ்வொரு வேளையிலும் பருப்போ பாலோ இருந்ததா?
3. அவளுடைய வலியையும் மாதவிலக்கையும் பற்றிக் கடைசியாக எப்போது கேட்டீர்கள்?

மூன்றாம் வினாவிற்கு விடை தெரியாவிடில், இன்று மாலையே அவளருகில் அமர்ந்து கேளுங்கள்.